ஜேம்ஸ் ரிச்சர்ட் அட்கின்

ஜேம்ஸ் ரிச்சர்ட் அட்கின் (நவம்பர் 28, 1867 – ஜூன் 25, 1944) ஆஸ்திரேலியாவில் பிறந்த பிரித்தானிய நீதிபதி ஆவார். அட்கின் பிரபு என்ற பெயரிலேயே இவர் பரவலாக அறியப்படுகிறார். பிறர் செயலால் தீங்குற்றவர் இழப்பீடு பெறுவதற்கான தீங்கியல் சட்டத்தில், 1932 ஆம் ஆண்டு இவர் வழங்கிய தீர்ப்பு ஒரு திருப்புமுனையாகும்.

இளமையும் கல்வியும்

அட்கின் குயின்ஸ்லாந்தின் பிரிஸ்பேன் நகரில் பிறந்தார். தந்தை ராபர்ட் அட்கின் அயர்லாந்திலிருந்து குடியேறி, குயின்ஸ்லாந்து சட்டமன்ற உறுப்பினரானவர். தாய் மேரி வேல்சைச் சேர்ந்தவர். 1871 இல் தாய் தம் பிள்ளைகளுடன் வேல்சு திரும்பினார். மறு ஆண்டில் தந்தை இறந்தார். வேல்சில் வளர்ந்த அட்கின், பின்னர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பயின்று 1891 இல் வழக்கறிஞரானார். 1893 இல் லூசி எலிசபெத் ஹெம்மன்டை மணந்தார். இவர்களுக்கு எட்டுப் பிள்ளைகள். ஒரு மகன் முதலாம் உலகப் போரில் உயிரிழந்தார்.

நீதிபதிப் பணி

தொடக்கத்தில் இவருக்கு வழக்குகள் அதிகம் கிடைக்கவில்லை. படிப்படியாக வணிக வழக்குகளில் பெயர் பெற்றார். 1913 இல் உயர் நீதிமன்றத்திலும் 1919 இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் நீதிபதியானார். 1928 இல் அக்காலத்தில் பிரித்தானியாவின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக விளங்கிய பிரபுக்கள் அவையின் நீதிபதியானார். பிரிவி கவுன்சிலில் இந்திய மேல்முறையீடுகளையும் விசாரித்தார். குற்ற விசாரணையில் ஒருவர் தரும் வாக்குமூலம் குறித்த பாகல நாராயண சுவாமி வழக்கின் தீர்ப்பு (1939) இவருடையதே.

டொனாஹூ எதிர் ஸ்டீவன்சன்

1928 ஆகஸ்ட் 26 அன்று ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் மே டொனாஹூ என்ற பெண், தோழி வாங்கித் தந்த இஞ்சிப் பானத்தை அருந்தினார். உள்ளிருப்பது தெரியாத அந்தப் புட்டியில் அழுகிய நத்தை கிடந்ததாகவும், அதனால் தாம் நோயுற்றதாகவும் கூறி, பானத்தைத் தயாரித்த டேவிட் ஸ்டீவன்சன் மீது 500 பவுண்டு கோரி வழக்குத் தொடர்ந்தார்.

பானத்தை வாங்கியவர் தோழி என்பதால், டொனாஹூ யாருடனும் ஒப்பந்தம் செய்திருக்கவில்லை. ஒப்பந்தம் இல்லாதவருக்குத் தயாரிப்பாளர் பொறுப்பாவதில்லை என்பதே அன்றைய பொது நிலை. எடின்பரோ மேல்முறையீட்டில் தோற்ற டொனாஹூ, செலவுக்கு வழியற்ற ஏழை என்ற தகுதியில் பிரபுக்கள் அவையை நாடினார்.

1932 மே 26 அன்று மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் அவர் வென்றார். தம் செயலால் பாதிக்கப்படக்கூடும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்கத்தக்க எவரும் சட்டத்தின் பார்வையில் அயலாரே என்றும், அவருக்குத் தீங்கு நேராதவாறு நியாயமான கவனம் கொள்வது கடமை என்றும் அட்கின் விளக்கினார். அயலாரை நேசிக்க வேண்டும் என்ற விவிலிய போதனையைத் தழுவிய இக்கருத்து அயலார் கோட்பாடு எனப்படுகிறது.

புட்டியில் நத்தை இருந்ததா என்பது இறுதிவரை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்படவில்லை. சட்டக் கேள்விக்கு மட்டுமே விடை காணப்பட்டது. உண்மை விசாரணை நடைபெறும் முன்பே ஸ்டீவன்சன் இறந்ததால் வழக்கு சமரசத்தில் முடிந்தது.

தனித்த தீர்ப்பு

இரண்டாம் உலகப் போரின்போது விசாரணையின்றி ஒருவரைக் காவலில் வைத்த அமைச்சரின் ஆணையை, 1941 ஆம் ஆண்டு லிவர்சிட்ஜ் எதிர் ஆண்டர்சன் வழக்கில் நான்கு நீதிபதிகள் ஏற்றனர். ஆணைக்கான நியாயமான காரணத்தை நீதிமன்றம் ஆராய வேண்டும் என அட்கின் மட்டும் மறுத்துரைத்தார். சக நீதிபதிகளின் கடும் அதிருப்திக்கு உள்ளான இக்கருத்தே சரியானது எனப் பிற்காலத்தில் ஆங்கில நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டன.

மறைவும் தாக்கமும்

அட்கின் 1944 இல் வேல்சின் அபர்டவி ஊரில் காலமானார். இந்தியாவில் தீங்கியல் சட்டம் பெரும்பாலும் தனிச் சட்டத்தொகுப்பாக இயற்றப்படாததால், கவனக்குறைவு வழக்குகளில் அவருடைய அயலார் கோட்பாடு இன்றும் எடுத்தாளப்படுகிறது.