அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் மறுமணம்

கணவனை இழந்த பெண்ணுக்கு மறுமணம் ஹலால் என்பதை நம்மில் மறுப்பவர் எவருமில்லை. கிதாபைத் திறந்தால் இருக்கிறது. பயானில் கேட்டால் தலையசைக்கிறோம். ஆனால் நம் வீட்டிலேயே ஒரு கைம்பெண் இருந்து, அவளைக் கேட்டு ஒருவர் வந்துவிட்டால் நம் பேச்சு மாறிவிடுகிறது. பிள்ளைகளைப் பெற்றவளுக்கு இந்த வயதில் நிகாஹா என்று கேட்கிறோம். அதே வீட்டில் மனைவியை இழந்த ஆண் ஒருவர் இருந்தால், நாற்பது கழியுமுன் பெண் பார்க்கப் புறப்பட்டு விடுகிறோம்!

தீன் ஒன்று சொல்ல, நாம் ஒன்று செய்யும் இந்த நோய்க்கு முஃமின்களின் அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் வாழ்வில் நல்ல மருந்து இருக்கிறது. அதைத்தான் இம்மாதம் சொல்ல நாடுகிறோம்.

முதல் வாழ்க்கை

அன்னையவர்களின் இயற்பெயர் ஹிந்து. குறைஷிக் குலத்தில் பனூ மக்ஜூம் கிளையைச் சேர்ந்தவர்கள். தந்தை அபூ உமய்யா பெரும் கொடையாளி. அவரோடு பயணம் செல்பவர் எவரும் கட்டுச்சோறு எடுத்துப் போக வேண்டியதில்லை. எல்லார் உணவும் அவர் பொறுப்பு. அதனால் பயணிகளின் கட்டுச்சோறு என்றே அரபிகள் அவருக்குப் பட்டம் சூட்டியிருந்தார்கள். அத்தகைய செல்வ வீட்டில் வளர்ந்தவர்கள் நம் அன்னை.

அவர்களை மணந்தவர் அபூ ஸலமா (ரலி). அப்துல்லாஹ் என்பது அவர்களின் பெயர். நாயகம் (ஸல்) அவர்களின் மாமி பர்ராவின் மகன்; நாயகத்தோடு ஒரே தாயிடம் பாலருந்திய சகோதரரும் ஆவார். இஸ்லாத்தின் ஆரம்ப நாட்களிலேயே இருவரும் ஈமான் கொண்டார்கள். மக்காவில் தொல்லை பொறுக்க முடியாமல் ஹபஷா நாட்டுக்கு ஹிஜ்ரத் சென்றவர்களில் இந்தத் தம்பதியும் உண்டு. திரும்பி வந்தபின் மதீனாவுக்குப் புறப்பட்டார்கள்.

புறப்பட்ட அன்றே பெரும் சோதனை வந்தது. ஒட்டகத்தில் மனைவியையும் கைக்குழந்தை ஸலமாவையும் ஏற்றிக்கொண்டு அபூ ஸலமா (ரலி) கிளம்பினார்கள். அன்னையின் குலத்தார் வழிமறித்து, எங்கள் வீட்டுப் பெண்ணை அனுப்ப மாட்டோம் என்று பிடித்துக் கொண்டார்கள். அதைக் கேட்டு ஆத்திரமடைந்த கணவரின் குலத்தார், அப்படியானால் எங்கள் குழந்தை உங்களிடம் இருக்கக் கூடாது என்று பிள்ளையை இழுத்தார்கள். இழுத்த இழுப்பில் குழந்தையின் கை மூட்டு பிசகிவிட்டது. கணவர் மதீனாவுக்கு, பிள்ளை ஒரு வீட்டுக்கு, தாய் வேறொரு வீட்டுக்கு என்று ஒரே நாளில் மூவரும் பிரிந்தார்கள்.

அன்றிலிருந்து ஏறத்தாழ ஓராண்டு காலம் அன்னையவர்கள் காலையில் அப்தஹ் மைதானத்துக்குச் செல்வதும், மாலை வரை அமர்ந்து அழுவதுமாக இருந்தார்கள். உறவினர் ஒருவர் இரக்கப்பட்டுப் பேசியபின்தான் விட்டார்கள். குழந்தையும் திரும்பக் கிடைத்தது. துணைக்கு ஒருவருமின்றிக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒட்டகத்தில் கிளம்பிவிட்டார்கள். தன்யீம் என்ற இடத்தில் உஸ்மான் இப்னு தல்ஹா எதிர்ப்பட்டார். அவர் அப்போது முஸ்லிமல்ல. ஹிஜ்ரீ 8ல்தான் இஸ்லாத்தில் இணைந்தார். தனியே போகும் பெண்ணை விட்டுவிட மனமின்றி ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்துக் குபா வரை நடந்தே வந்தார். தங்கும் இடங்களில் ஒட்டகத்தைப் படுக்க வைத்துவிட்டுத் தூரத்தில் போய் நிற்பார். அன்னை இறங்கியபின் வந்து ஒட்டகத்தைக் கட்டுவார். வேறொரு மரத்தடியில் போய்ப் படுத்துக் கொள்வார். அவரைவிடக் கண்ணியமான வழித்துணையைத் தாம் கண்டதில்லை என்று அன்னையவர்கள் பிற்காலத்தில் நன்றியோடு சொல்வார்கள்.

இவ்வளவு பாடுபட்டுச் சேர்ந்த கணவன் மனைவிக்குள் எத்தகைய அன்பு இருந்திருக்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

கணவரின் துஆ

அந்த அன்பின் மிகுதியால் ஒருநாள் அன்னையவர்கள் கணவரிடம் ஒரு யோசனை சொன்னார்கள். நம்மில் ஒருவர் முந்தி இறந்தால் மற்றவர் மறுமணம் செய்வதில்லை என்று உறுதி செய்து கொள்வோம் என்பதே அது. அபூ ஸலமா (ரலி) இணங்கவில்லை. தாம் இறந்தால் மணந்துகொள்ள வேண்டும் என்று சொன்னதோடு, தம்மைவிடச் சிறந்தவரை, மனைவியைத் துயரப்படுத்தாத, நோவினை செய்யாத ஒருவரை அவளுக்குக் கொடு என்று அல்லாஹ்விடம் துஆவும் கேட்டார்கள். இப்னு ஸஅது அவர்களின் தபகாத்தில் இந்தச் செய்தி பதிவாகியுள்ளது.

சகோதரர்களே, இதைச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். தான் இறந்தபின்னும் மனைவி தன் பெயரைச் சொல்லி அழுதுகொண்டே இருக்க வேண்டும் என்று விரும்புவது அன்பா? தனக்குப் பின்னும் அவள் நன்றாக வாழ வேண்டும் என்று துஆ கேட்பது அன்பா? மறுமணம் செய்பவள் இறந்த கணவனுக்குத் துரோகம் செய்கிறாள் என்று பேசுவோருக்கு அபூ ஸலமா (ரலி) அவர்களே பதில் சொல்லிவிட்டார்கள்.

ஹிஜ்ரீ 3ல் (கி.பி. 625) நடந்த உஹதுப் போரில் அபூ ஸலமா (ரலி) கையில் காயமடைந்தார்கள். வெளியே ஆறியது போல் தெரிந்தது. ஹிஜ்ரீ 4 முஹர்ரத்தில் பனூ அஸது கூட்டத்தாரை நோக்கிச் சென்ற 150 பேர் கொண்ட படைக்குத் தலைமை தாங்கிப் போய்த் திரும்பியபோது அந்தக் காயம் மீண்டும் உடைந்தது. ஜமாதுல் ஆகிர் மாதத்தில் வஃபாத்தானார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தால் அவர்களின் கண்களை மூடினார்கள். வீட்டார் ஓலமிட்டபோது, இந்நேரத்தில் நல்லதையே கேளுங்கள் என்று அறிவுறுத்தி, மய்யித்துக்காகவும் அவர் விட்டுச் சென்ற குடும்பத்துக்காகவும் துஆச் செய்தார்கள்.

முஸீபத்து வரும்போது இன்னாலில்லாஹி ஓதி, இதைவிடச் சிறந்ததைப் பகரமாகத் தா என்று கேட்கும் துஆ நாயகம் (ஸல்) கற்றுக் கொடுத்தது. அன்னையவர்கள் அதை ஓத முனைந்தபோது அவர்களின் மனம் தடுமாறியது. அபூ ஸலமாவை விடச் சிறந்தவர் யார் இருக்கிறார் என்று உள்ளம் கேட்டது. ஆனாலும் ஓதினார்கள். நம்பிக்கை முழுமையாக வந்தபின் கேட்பது மட்டுமே துஆ அல்ல. உள்ளம் நொந்து கிடக்கும்போது ரஸூலின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கேட்பதும் துஆவே.

ஒளிவு மறைவற்ற பேச்சு

இத்தா முடிந்தது. ஹஜ்ரத் அபூபக்கர் (ரலி) பெண் கேட்டு அனுப்பினார்கள், அன்னை சம்மதிக்கவில்லை. ஹஜ்ரத் உமர் (ரலி) கேட்டார்கள், அதற்கும் சம்மதிக்கவில்லை. உம்மத்தின் ஆகச் சிறந்த இருவரை மறுத்த அந்தப் பெண்ணை யாரும் கடிந்ததாகக் காணோம். கைம்பெண் என்பதால் கிடைத்ததை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அந்த ஸஹாபாக்கள் நினைக்கவில்லை.

பின்பு நாயகம் (ஸல்) அவர்களே பெண் கேட்டார்கள். அப்போதும் அன்னையவர்கள் அவசரப்படவில்லை. தம்மிடமுள்ள தடைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். தமக்கு வயதாகிவிட்டது, தமக்குச் சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள், பிற மனைவியரோடு பங்கிட்டுக்கொள்ளப் பொறுக்காத ரோஷக் குணம் தமக்குண்டு, வலீமார்கள் யாரும் அருகில் இல்லை என்று திறந்து சொன்னார்கள்.

ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. வயதைப் பொறுத்தவரை, நாயகம் (ஸல்) தாம் அதைவிட மூத்தவர் என்றார்கள். பிள்ளைகளின் பொறுப்பு அல்லாஹ்வையும் ரஸூலையும் சார்ந்தது என்றார்கள். ரோஷம் நீங்க அல்லாஹ்விடம் துஆச் செய்வதாகச் சொன்னார்கள். இருக்கும் வலீயும் சரி, தூரத்திலிருக்கும் வலீயும் சரி, இதை வெறுக்க மாட்டார்கள் என்றார்கள். அன்னையின் மகனே நிகாஹை முடித்து வைத்ததாக ஹதீஸில் வருகிறது. மகன் வலீயாக ஆகலாமா என்பதில் இமாம்களுக்குள் உள்ள கருத்து வேற்றுமைக்குள் நாம் இங்கே புகவில்லை.

இந்தக் காலத்தில் வயதைக் குறைத்தும், பிள்ளைகளை மறைத்தும், நோயை ஒளித்தும் சம்பந்தம் பேசிவிட்டுப் பின்னர் பஞ்சாயத்துக்கு வருகிறோம். நபியின் முன்னாலேயே தம் குறை இன்னதென்று சொன்ன அன்னையைப் பாருங்கள்! கேட்டவரும் குறையைக் கண்டு பின்வாங்கவில்லை. இரண்டாம் வாழ்க்கைக்கு இந்த உண்மைப் பேச்சே அஸ்திவாரம்.

ஒரு சட்டிக் களி

ஹிஜ்ரீ 4 ஷவ்வாலில் (கி.பி. 626) நிகாஹ் நடந்தது. கொடுக்கப்பட்ட பொருள்கள் என்ன தெரியுமா? பேரீச்சை நார் திணித்த ஒரு மெத்தை, ஒரு கிண்ணம், ஒரு தட்டு, ஒரு திரிகை. இவற்றைச் சீரத்து ஆசிரியர்கள் எண்ணி எழுதியிருக்கிறார்கள். மாப்பிள்ளை கொடுத்தார், பெண் பெற்றாள் என்பதையும் கைக்கூலி கேட்பவர்கள் கவனிக்க வேண்டும்.

மணமகள் புகுந்த அறை, சில மாதங்களுக்கு முன் வஃபாத்தான அன்னை ஜைனப் பின்த் குஜைமா (ரலி) வாழ்ந்த அறை. ஏழைகளின் தாய் என்று பெயர் பெற்ற அவர்கள் விட்டுச் சென்றது ஒரு ஜாடியில் கொஞ்சம் வாற்கோதுமை, ஒரு திரிகை, ஒரு சட்டி, அதில் சிறிது கொழுப்பு. செல்வர் வீட்டு மகளான உம்மு ஸலமா (ரலி) அன்றிரவு தாமே வாற்கோதுமையை அரைத்து, கொழுப்பைச் சேர்த்துக் களி கிண்டினார்கள். மணமக்களின் உணவு அதுதான். நாயகம் (ஸல்) தம் மனைவியரில் ஒருவருக்கு இரண்டு முத்து வாற்கோதுமையில் வலீமா கொடுத்ததாகப் புகாரீயில் வருகிறது. இரு கைகளையும் சேர்த்து அள்ளினால் ஒரு முத்து. அந்த மனைவி உம்மு ஸலமா (ரலி) அவர்களாக இருக்கலாம் என்று இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) கருதுகிறார்கள்.

நிகாஹ் சிறியதுதான், ஆனால் மணமகள் சிறுமைப்படுத்தப்படவில்லை. மூன்று நாள் தங்கியபின் நாயகம் (ஸல்), தம்மிடம் அவர் மதிப்புக் குறைந்தவரல்ல என்பதைத் தெளிவாக எடுத்துச் சொல்லி, விரும்பினால் ஏழு நாள் தங்குவதாகவும், அப்படியானால் மற்ற மனைவியரிடமும் ஏழு நாள் தங்க வேண்டியிருக்கும் என்றும் கூறினார்கள். அன்னை மூன்று நாளையே தேர்ந்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

நம் மறுமணங்களும் சிறியவையாகத்தான் நடக்கின்றன. ஆனால் ஏன்? வெட்கத்தால்! அண்டை வீட்டாருக்குத் தெரியக்கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு, திருடுவதைப் போல் முடிக்கிறோம். மதீனாவில் நடந்தது வேறு. செலவு சிறியது, செய்தி ஊரறிந்தது. சுருக்கமாக நடத்துவது ஸுன்னத்து; ஒளித்து நடத்துவது ஸுன்னத்தல்ல.

பிள்ளைகளும் பிற்காலமும்

நிகாஹ் முடிந்த புதிதில் கைக்குழந்தை ஜைனப் தாயின் மடியில் பாலருந்திக் கொண்டிருக்கும். நாயகம் (ஸல்) வருவார்கள். குழந்தையைக் கண்டதும் கூச்சத்தோடு திரும்பிவிடுவார்கள். இதையறிந்த அன்னையின் பால்குடிச் சகோதரர் அம்மார் (ரலி) குழந்தையை எடுத்துச் சென்று வேறிடத்தில் பாலூட்ட ஏற்பாடு செய்தார்கள். பின்னர் வரும்போதெல்லாம் நாயகம் (ஸல்) குழந்தை எங்கே என்று விசாரித்தார்கள். பர்ரா என்றிருந்த அவளுக்கு ஜைனப் என்று பெயரிட்டவர்களும் அவர்களே. அவள் வளர்ந்து மதீனாவின் மார்க்க அறிவு மிக்க பெண்களில் ஒருவரானாள்.

மகன் உமர் சாப்பிடும்போது தட்டு முழுவதும் கையை ஓட விடுவான். பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக்கையால், தன் பக்கத்திலிருந்து எடுத்து உண்ணும்படி நாயகம் (ஸல்) சொல்லிக் கொடுத்தார்கள். நம் பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்கும் இந்த ஒழுக்கம், முந்திய கணவரின் பிள்ளையைத் தம் தட்டருகே உட்கார வைத்து நாயகம் கற்பித்தது என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

மனைவியின் கண்ணியமும் நாளுக்கு நாள் வளர்ந்தது. ஹிஜ்ரீ 6ல் (கி.பி. 628) ஹுதைபிய்யாவில் உம்ரா தடைபட்ட வருத்தத்தில் ஸஹாபாக்கள் குர்பானி கொடுக்க எழாமலிருந்தபோது, யாரிடமும் பேசாமல் வெளியே சென்று தங்கள் பிராணியை அறுத்துத் தலை முடியை மழியுங்கள் என்று நாயகத்துக்கு யோசனை சொன்னவர்கள் உம்மு ஸலமா (ரலி). அப்படியே செய்தார்கள், கண்டவர்கள் எல்லாரும் எழுந்து செய்தார்கள். 378 ஹதீஸ்களை அறிவித்து, அன்னையரில் இறுதியாக வஃபாத்தாகி, ஜன்னத்துல் பகீஃவில் அடங்கியிருக்கிறார்கள்.

அபூ ஸலமாவை அவர்கள் மறக்கவில்லை. அவரைப் பற்றிய செய்திகளை நாம் அறிவதே பெரும்பாலும் அன்னையின் வாய்மொழியால்தான். முந்தியவரின் நினைவும் பிந்தியவரின் அன்பும் ஒரே உள்ளத்தில் குடியிருக்க முடியும் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா?

ஜமாஅத்துப் பெரியோர்களே, பெற்றோர்களே, வளர்ந்த பிள்ளைகளே! உங்கள் மஹல்லாவில் கணவனை இழந்து நிற்கும் பெண்ணிடம் அவள் விருப்பத்தைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். அது அவள் உரிமை. வேண்டும் என்றால் தடுக்காதீர்கள். அதுவும் அவள் உரிமை. பத்துப் பேரை அழைத்து, இருப்பதைப் பரிமாறி, பகலில், பள்ளிவாசலில், தலை நிமிர்ந்து நிகாஹை நடத்தி வையுங்கள்.

துயரத்துக்குப் பின் நல்ல பகரத்தை அன்னைக்கு வழங்கிய அல்லாஹுதஆலா, நம் சமுதாயத்தில் துணையிழந்து வாழும் ஆண் பெண் அனைவருக்கும் நல்ல துணையை வழங்குவானாக! அவர்களுக்குக் குறுக்கே நிற்பதிலிருந்து நம்மைக் காப்பானாக! ஆமீன்.