விழுந்து எழுந்த வில்பர்

நீங்க சைக்கிள் ஓட்டுவீங்களா? கத்துக்கிட்ட முதல் நாள் ஞாபகம் இருக்கா? யாராவது சீட்டைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாலேயே ஓடி வந்திருப்பாங்க. அவங்க கையை விட்டதும் சைக்கிள் ஆடியிருக்கும். பயமா இருந்திருக்கும், இல்லையா? அந்த ஆட்டத்தைப் பற்றி நிறைய யோசித்த ஒருவரின் கதை இது.

அவர் பெயர் வில்பர் ரைட். 1867-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தார். பள்ளியில் நன்றாகப் படித்தார். ஒரு நாள் பனிக்கட்டியின் மேல் ஹாக்கி விளையாடும்போது மட்டை முகத்தில் அடித்து, அவருடைய முன்பற்கள் போயின. அதன் பிறகு அவர் கல்லூரிக்குப் போகவில்லை. வீட்டில் இருந்து, நோயாளி அம்மாவைக் கவனித்துக்கொண்டார். நிறையப் புத்தகங்கள் படித்தார்.

1892-இல் வில்பரும் தம்பி ஆர்வில்லும் டேட்டன் நகரில் சைக்கிள் கடை திறந்தார்கள். சைக்கிளைப் பழுது பார்த்தார்கள். பிறகு சொந்தமாகவும் செய்தார்கள்.

சைக்கிள் எப்படி விழாமல் போகிறது? அது இடது பக்கம் சாய்ந்தால், கைப்பிடியையும் இடது பக்கமே திருப்புகிறோம். அப்போது சக்கரங்கள் நமக்கு நேர் கீழே வந்துவிடும். சைக்கிள் நிமிர்ந்துவிடும்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கு. இடது பக்கம் திரும்ப, முதலில் கைப்பிடியைக் கொஞ்சமே கொஞ்சம் வலது பக்கம் திருப்புகிறோம்! உடனே சைக்கிள் இடது பக்கம் சாயும். அதன் பிறகுதான் இடது பக்கம் திருப்புகிறோம். வில்பர் இதைப் பற்றிப் பல பேரிடம் கேட்டார். யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அவர்களுடைய கைகளுக்குத் தெரிந்திருந்தது!

வில்பருக்குப் பறக்கவும் ஆசை. அந்தக் காலத்தில் பலர், விமானம் தானாகவே ஆடாமல் நிற்க வேண்டும் என்று நினைத்தார்கள். வில்பர் வேறு மாதிரி நினைத்தார். சைக்கிளைப் போல விமானமும் ஆடும். ஓட்டுபவர்தான் அதைச் சமன் செய்ய வேண்டும். 1899-இல் ஒரு நாள், சைக்கிள் டியூப் வரும் அட்டைப்பெட்டியைக் கையில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தார். இறக்கையையும் இப்படி முறுக்கினால் என்ன என்று தோன்றியது. அப்படி முறுக்கினால் விமானத்தைச் சாய்க்கலாம், நிமிர்த்தலாம்!

1903 டிசம்பர் 14 அன்று வில்பர் முதலில் முயன்றார். விமானம் மேலே எழும்பி, உடனே மணலில் விழுந்தது. சகோதரர்கள் அதைப் பழுது பார்த்தார்கள். மூன்று நாள் கழித்து ஆர்வில் 12 விநாடி பறந்தார். அதே நாளில் வில்பர் 59 விநாடி பறந்தார்!

வில்பர் 1912-இல் காய்ச்சலால் இறந்தார். அப்போது அவருக்கு 45 வயதுதான்.

அடுத்த தடவை உங்க சைக்கிள் ஆடினா பயப்படாதீங்க. எந்தப் பக்கம் சாயுதோ, அந்தப் பக்கமே மெதுவாத் திருப்புங்க.

பேசுவோம்
1. சைக்கிள் வலது பக்கம் சாய்ந்தால் என்ன செய்வீர்கள்?
2. அட்டைப்பெட்டியைப் பார்த்து வில்பர் என்ன நினைத்தார்?
3. நீங்கள் சைக்கிள் கற்ற கதையை வீட்டில் தமிழில் சொல்லுங்கள்.