கொலோனில் தொடங்கி சான்பிரான்சிஸ்கோவில் முடிந்த ஒரு குரல்

கொலோன் என்றால் நம்மவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது டோம் தேவாலயம்தான். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் ரயில் நிலையத்துக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய், 157 மீட்டர் உயர இரட்டைக் கோபுரத்தின் கீழ் நிறுத்தி ஒரு படம் எடுத்து அனுப்பிவிடுகிறோம். அந்தக் கோபுரங்களைக் கட்டி முடிக்கக் காசு சேர்த்த காலத்தில், அதற்கான கச்சேரிகளில் பாடித்தான் ஒரு பெரிய ஓபரா பாடகர் வெளிச்சத்துக்கு வந்தார். பிறகு அவரே அரசியல் காரணமாக நாடு விட்டு நாடு ஓடினார். பெயர் கார்ல் ஃபோர்மெஸ். இன்று இந்த ஊரிலேயே அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. புலம்பெயர்ந்து வாழும் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அது என்று எனக்குப் படுகிறது.

ஃபோர்மெஸ் 1815 ஆகஸ்ட் 7 அன்று மியூல்ஹைமில் பிறந்தார். ரைன் நதியின் வலக்கரையில் இருக்கும் மியூல்ஹைம் இன்று கொலோனின் ஒரு பகுதி. துருக்கிக் கடைகள் நிறைந்த கொய்ப் தெரு இருக்கிற இடம் என்றால் இங்கே உள்ளவர்களுக்கு உடனே புரியும். அப்போது அது தனி ஊர். 1914-இல்தான் கொலோனோடு சேர்ந்தது. அப்பா தேவாலயத்தில் மணியடிப்பது, விளக்கேற்றுவது, பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பது என்று எல்லா வேலையும் பார்க்கிறவர். நம் ஊரில் கோயில்பிள்ளை என்று சொல்வார்களே, அதுதான். பையன் பாடிப் பழகியதும் கோயில் பாடகர் குழுவில்தான்.

டோம் தேவாலயத்தின் கதை அப்போது வேறு. 1248-இல் தொடங்கிய வேலை 16-ஆம் நூற்றாண்டில் நின்றுபோனது. பாதியில் நின்ற தெற்குக் கோபுரத்தின் மேல் ஒரு பழைய மரக் கிரேன் மட்டும் சில நூறு வருஷம் அப்படியே நின்றது. 1840-களின் தொடக்கத்தில் இதை எப்படியும் முடித்தே தீருவது என்று ஊர் மக்கள் கிளம்பினார்கள். சங்கம் அமைத்தார்கள், நன்கொடை வசூலித்தார்கள், கச்சேரி வைத்தார்கள். 1842 செப்டம்பர் 4 அன்று பிரஷ்ய அரசர் நான்காம் ஃபிரெடரிக் வில்ஹெல்ம் வந்து மறுபடியும் அடிக்கல் நாட்டினார். கட்டி முடிந்தது 1880-இல். ஆக மொத்தம் 632 வருஷம்.

அந்த நிதிக்காக 1841-இல் நடந்த கச்சேரிகளில்தான் ஃபோர்மெஸின் குரல் ஊரின் காதில் விழுந்தது. வயது 26. இந்தக் குரலை வைத்துக்கொண்டு ஏன் மேடைக்குப் போகாமல் இருக்கிறாய் என்று சுற்றியிருந்தவர்கள் வற்புறுத்தினார்கள். 1842 தொடக்கத்திலேயே கொலோன் நாடக அரங்கில் மோட்சார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' ஓபராவில் சராஸ்ட்ரோ என்ற தலைமைக் குருவாக மேடையேறினார். முதல் நாளே பெரிய வரவேற்பு. அரங்கம் அவரை மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது.

ஓபராவை நம் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? நான் சொல்வது இதுதான்: மயானத்தில் நிற்கும் அரிச்சந்திரன் தன் துக்கத்தைப் பேசாமல் பாடியே தீர்க்கிறானே, நம் இசை நாடகம், கூத்து எல்லாவற்றிலும் இருக்கும் அதே சங்கதிதான். மைக் கிடையாது. ஒரு முழு வாத்தியக் குழுவைத் தாண்டி, கடைசி வரிசையில் இருப்பவருக்கும் குரல் கேட்க வேண்டும். ஃபோர்மெஸின் குரல் 'பாஸ்', அதாவது ஆண் குரலிலேயே மிகத் தாழ்ந்தது. மந்திர ஸ்தாயியின் அடி வரைக்கும் போய் அங்கேயும் கணீரென்று நிற்க வேண்டும். நாயகன் வேஷம் பெரும்பாலும் டெனர் குரலுக்குப் போய்விடும். பாஸ் பாடகருக்குக் கிடைப்பது குரு, அரசன், கிழவன், வில்லன், சாத்தான். ஃபோர்மெஸும் இவற்றில்தான் பெயர் வாங்கினார்.

கொலோனுக்குப் பிறகு மான்ஹைம், அங்கிருந்து வியன்னா. 1847 நவம்பர் 25 அன்று வியன்னாவில் ஃப்ளோடோவின் 'மார்த்தா' முதல் முறையாக அரங்கேறியபோது, பிளங்கெட் என்ற பணக்கார விவசாயியாகப் பாடியவர் இவர்தான். பீரைப் புகழ்ந்து ஒரு பாட்டு வரும் வேஷம் அது. ஐரோப்பா முழுக்க ஓடிய ஓபராவில் ஒரு பாத்திரத்தை முதன்முதலில் மேடையில் நிறுத்திய பெருமை அவருக்கு. வயது 32. இனி எல்லாம் ஏறுமுகம் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

அடுத்த வருஷம் 1848. ஐரோப்பாவில் ஊருக்கு ஊர் புரட்சி. வியன்னாவிலும் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ஃபோர்மெஸ் தன் பாட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை, கலந்துகொண்டார். புரட்சியை ராணுவம் நசுக்கிய பிறகு அவர் ஊரை விட்டு ஓட வேண்டியதாயிற்று. ஓடாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அதே வியன்னாவில் இன்னொரு கொலோன்காரரின் முடிவு சாட்சி. ராபர்ட் ப்ளூம், கொலோனில் ஏழை வீட்டில் பிறந்தவர், நாடக அரங்கில் வேலை பார்த்தவர், பிறகு ஃபிராங்ஃபர்ட் நாடாளுமன்ற உறுப்பினர். 1848 நவம்பர் 9 அன்று வியன்னாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மறுநாள் அவருக்கு 41 வயது தொடங்கியிருக்கும்.

1849-இல் ஃபோர்மெஸ் லண்டனில் இருந்தார். ட்ரூரி லேன் அரங்குக்கு வந்திருந்த ஜெர்மன் குழுவோடு, தான் தொடங்கிய அதே சராஸ்ட்ரோ வேஷத்தில் மேடையேறினார். அடுத்த வருஷமே கோவென்ட் கார்டனில் இடம். அந்த அரங்கின் அப்போதைய பெயர் ராயல் இத்தாலிய ஓபரா. எந்த நாட்டு ஓபராவாக இருந்தாலும் அங்கே இத்தாலிய மொழியில்தான் பாட வேண்டும். வேபரின் 'டெர் ஃப்ரைஷுட்ஸ்' சுத்தமான ஜெர்மன் காட்டுக் கதை. அதில் சாத்தானுக்கு ஆத்மாவை விற்ற காஸ்பர் என்ற வேட்டைக்காரன் வேஷம். அதையே இந்த ரைன்கரை மனிதர் இங்கிலாந்தில், ஆங்கிலேயர் முன்னால், இத்தாலிய மொழியில் பாடினார். புது நாட்டுக்கு வந்து, தெரிந்த வேலையையே தெரியாத மொழியில் முதலிலிருந்து கற்றுக்கொண்டு செய்கிற கஷ்டத்தை நம்மில் பலருக்கு விளக்க வேண்டியதில்லை.

1857-இல் நியூயார்க். அதற்குப் பிறகு நிலையான இடமில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மாறி மாறிப் பாடினார். அவரிடம் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். குரலின் கனம், வீச்சு, நடிப்பு எல்லாம் அபூர்வம் என்று ஒப்புக்கொண்ட அந்தக் கால விமர்சகர்களே, சுருதி அடிக்கடி விலகுகிறது என்றும் எழுதினார்கள். வயது ஏற ஏற அது கூடியது. கடைசியில் சான்பிரான்சிஸ்கோவில் தங்கி, பாட்டுச் சொல்லிக் கொடுத்து வாழ்ந்தார். 1889 டிசம்பர் 15 அன்று அங்கேயே காலமானார்.

அவருடைய தம்பி தியோடோரும் ஓபரா பாடகர்தான், டெனர் குரல். அவர் பெரும்பாலும் நாட்டிலேயே இருந்தார். பெர்லின் அரச ஓபராவில் பல வருஷம் பாடினார். ஆனால் மனநலம் கெட்டு, 1875-இல் பானுக்குப் பக்கத்தில் உள்ள எண்டெனிஷில் இறந்தார். ஊரை விட்டுப் போனவன் கெட்டான், இருந்தவன் நல்லா இருந்தான் என்றோ, அதற்கு நேர்மாறாகவோ சுலபமாகச் சொல்லிவிட இந்தக் குடும்பத்தின் கதை இடம் கொடுப்பதில்லை.

ஃபோர்மெஸின் குரலை இன்று கேட்க முடியாது. எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தது 1877-இல். ஓபரா பாடகர்கள் ஒலித்தட்டுக்குப் பாட ஆரம்பித்தபோது இவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் ஒரு காரியம் செய்தார். கடைசிக் காலத்தில் உட்கார்ந்து தன் மேடை வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். அது 1888-இல், சாவதற்கு ஒரு வருஷம் முன்னால், கொலோனிலேயே வெளியானது. அவர் அமெரிக்காவில், புத்தகம் பிறந்த ஊரில்.

இங்கேதான் எனக்கு நம்மைப் பற்றிய கவலை வருகிறது. 1980-களில் அகதிகளாக ஜெர்மனிக்கு வந்தவர்களில் கூத்துக் கலைஞர்கள் இருந்தார்கள், நாகஸ்வரக்காரர்கள் இருந்தார்கள், பண்ணிசை படித்தவர்கள் இருந்தார்கள். வந்ததும் பலர் உணவகங்களில் பாத்திரம் கழுவப் போனார்கள், தொழிற்சாலைகளில் இரவு வேலைக்குப் போனார்கள். ஹம் காமாட்சி அம்பாள் கோயில் போல இந்த நாட்டில் நாம் எழுப்பிய கோயில்களுக்குப் பின்னால் இப்படிப்பட்டவர்களின் உழைப்பும் இருக்கிறது. கோபுரத்தை நாம் படம் எடுத்து வைத்திருக்கிறோம். அவர்கள் பாடியதை?

ஃபோர்மெஸுக்குக் கருவி கிடைக்கவில்லை, கையால் எழுதினார். நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கைபேசி இருக்கிறது. கணினி வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இதில் தொழில்நுட்பம் பெரிய விஷயமே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பெரியவர் ஒருவருக்கு முன்னால் உட்கார்ந்து, எங்கே கற்றீர்கள், யாரிடம் கற்றீர்கள், கடைசியாக எப்போது மேடை ஏறினீர்கள் என்று கேட்டு, ஒரு பாட்டும் பாடச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். பெயர், ஊர், தேதி போட்டு இரண்டு இடத்தில் சேமித்து வைக்க வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைகளையே கேள்வி கேட்க விடுங்கள். அவர்களுடைய தமிழ் தடுமாறினாலும் பரவாயில்லை. அந்தப் பெரியவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. தள்ளிப்போட நேரமில்லை.