கார்பெட் துரையும் அவர் கைத் துப்பாக்கிகளும்

குமாவோன் மலைநாட்டில் ஆட்கொல்லிப் புலிகளைத் தொலைத்த ஜிம் கார்பெட் துரையின் பெயரை நம் கல்லூரி மாணவருள் அறியாதார் அரியர். அவர்தம் வீரத்தைப் பலரும் எழுதியுள்ளனர். யான் ஈண்டுக் கூறப் புகுவது அவ்வீரத்தைப் பற்றியன்று. அவர் சிறு வயது முதல் எத்தகைய துப்பாக்கிகளைக் கையிலெடுத்தார், அவை எங்கிருந்து வந்தன, அவற்றுள் எது நல்லது எது தீயது என்பதை எவ்வாறு கண்டார் என்பதே என் பொருள். வேட்டைக்காரனுக்குத் துப்பாக்கி, தச்சனுக்கு உளி போன்றதொரு கருவியேயெனச் சிலர் கருதுவர். ஆனால் உளி பழுதானால் கெடுவது மரம். துப்பாக்கி பழுதானால் போவது உயிர்.

எட்வர்டு ஜேம்ஸ் கார்பெட் கி. பி. 1875-ம் வருஷம் ஜூலை மாதம் 25-ந் தேதி நைனிதாலில் பிறந்தார். தந்தையார் அவ்வூர்த் தபால் அதிகாரி. ஜிம்முக்கு ஆறு வயது நிரம்புமுன் அவர் காலமானார். பெருங் குடும்பம், சிறு வருவாய். கோடையில் நைனிதாலிலும், குளிர்காலத்தில் மலையடிவாரத்துக் காலாதுங்கியிலும் அக்குடும்பம் வாழ்ந்தது. காலாதுங்கியில் வீட்டு வேலியைத் தாண்டினாற் காடு; காட்டினுள் மான், காட்டுக்கோழி, சிறுத்தை, புலி. மூத்த சகோதரர் டாம் என்பவர் சிறுவனைக் காட்டுக்கு அழைத்துச் சென்று, அச்சத்தை அடக்கவும் காதால் காட்டைப் படிக்கவும் கற்பித்தார்.

முதலிற் கவண், பின்னர் வில்லும் அம்பும். அதன்பின் கிடைத்தது ஒரு பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி. அதை வாங்கிக்கொள்ள வேறெவரும் இசைந்திருப்பர் என்று எனக்குத் தோன்றவில்லை. வாய்வழியே மருந்து கெட்டிக்கும் வகை அது. அளவுக்கு மிஞ்சி மருந்து கெட்டித்ததனால் வலக் குழல் வெடித்துப் பிளந்திருந்தது. முறிந்த அடிக்கட்டை பித்தளைக் கம்பியாற் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. ஆகவே இரு குழல் இருந்தும் சுடத் தகுந்தது ஒன்றே. சிறுவனுக்கு அதுவே பெருஞ் செல்வமாயிற்று. மருந்தும் ரவையும் வாங்கப் பணமில்லை. ஆதலின் ஒரு வேட்டு வீணாகாதபடி சுடவேண்டும். பறவை கிட்ட வரும்வரை காத்திருத்தல், காத்திருக்கையில் சுற்றுமுள்ள ஓசைகளைக் கேட்டல், ஐயமிருப்பிற் சுடாது விடுதல் ஆகிய இவற்றையெல்லாம் அந்த வறுமையே அவருக்குக் கற்பித்தது. இதனாற் பிளந்த குழலைப் புகழ்கின்றேன் என்று எவரும் கொள்ளற்க. அப்படிப்பட்ட துப்பாக்கியை இன்று ஒரு தந்தை தம் மகன் கையிற் கொடுப்பாராயின், நான் அவரோடு சண்டையிடவும் தயங்கேன்.

பத்து வயதளவில் கார்பெட், நைனிதால் தொண்டர் ரைபிள் படையைச் சேர்ந்த பள்ளி மாணவர் அணியிற் சேர்ந்தார். இலக்கு நோக்கிச் சுடும் பயிற்சி அங்கே அவருக்கு முறையாகக் கிட்டியது. அக்காலத்துப் படையினர் கையாண்டது மார்ட்டினி-ஹென்றி என்னும் ரைபிள். 1871-ம் வருஷத்திற் பிரிட்டிஷ் சேனை ஏற்றுக்கொண்ட கருவி அது. விசைக்குக் கீழுள்ள நெம்புகோலைத் தாழ்த்தினால் பின்கட்டை இறங்கும். ஒரே ஒரு தோட்டாவை வைத்து நெம்புகோலை உயர்த்தினாற் சுடுதற்கு ஆயத்தம். குழலின் அளவு அங்குலத்தின் ஆயிரம் பங்கில் நானூற்றைம்பது பங்கு, அதாவது .450. குண்டின் நிறை 480 கிரெயின், நம் கணக்கிற் சுமார் 31 கிராம். கரும்புகை மருந்தாதலின் ஒரு வேட்டுக்குப் பின் எதிரே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. தோளை உதைக்கும் உதையோ, வளர்ந்த போர்வீரரையே முகஞ் சுளிக்கச் செய்வது.

அவ்வணியின் பயிற்சியாளராகிய சார்ஜெண்டு மேஜர் இச்சிறுவனைக் கவனித்து வந்தார். குளிர்கால விடுமுறைக்குக் காலாதுங்கி செல்லுமுன், ஒரு மார்ட்டினி ரைபிளையும் வேண்டுமட்டும் தோட்டாக்களையும் அவனுக்கு இரவலாகத் தந்தார். நிபந்தனை இரண்டே: ரைபிளைச் சுத்தமாக வைத்திருக்கவேண்டும், சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் கூடுகளைத் திருப்பித் தரவேண்டும். நம் கல்லூரியில் தேசிய மாணவர் படையிற் சேர்ந்து, சுடுகளத்திற் குப்புறப் படுத்துச் சுட்டுவிட்டு, புல்லில் விழுந்த கூடுகளைப் பொறுக்கி எண்ணி ஒப்படைத்த மாணவர்க்கு அந்த நிபந்தனையின் எடை விளங்கும்.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. அந்த ரைபிளைத் தெரிந்தெடுத்தவர் சிறுவன் அல்லன், சார்ஜெண்டு மேஜரே. படையின் கிடங்கிலுள்ள ரைபிள்கள் பார்வைக்கு ஒன்று போலவே இருப்பினும், பல கைகள் மாறியவற்றுட் சிலவற்றின் குழல் துருவாலும் மருந்துக் கசடாலும் அரிக்கப்பட்டிருக்கும். திருகுவரிகள் மழுங்கியிருந்தாற் குண்டு நேரே செல்லாது. பின்கட்டை தளர்ந்திருந்தால் தோட்டா பின்புறமாகவே வெடித்து முகத்தைச் சிதைக்கும். குறிமுனை சிறிது வளைந்திருப்பினும் இருநூறு கஜத்தில் இலக்குத் தப்பும். படையின் பழந் துப்பாக்கியை வாங்குவோர் இன்றும் முதலிற் பார்க்கவேண்டியவை இவையே. அடிக்கட்டையின் மெருகையும் முத்திரையையும் பார்த்து மயங்குவோரே பெரும்பாலோர். சார்ஜெண்டு மேஜர் அவ்வாறு மயங்குபவர் அல்லர். அவர் தந்த ரைபிள் குறி பிசகாத ரைபிளாயிருந்தது. அத்துணைக் கனமான குண்டெறியும் கருவி சிறுவர் பயில ஏற்றதன்று என்பது கார்பெட்டின் பிற்காலக் கருத்து. ஆயினும் அதன் வாயிலாகவே காடு முழுவதும் தமக்குத் திறந்தது என்பதை அவர் நன்றியோடு நினைவுகூர்ந்துள்ளார். கவணோடு போகக்கூடிய தூரம் ஒன்று, வில்லோடு ஒன்று, பிளந்த குழலோடு ஒன்று. ரைபிளோடு எல்லையே இல்லை.

அந்த ரைபிளைக்கொண்டே தம் முதற் சிறுத்தையைக் கொன்றார். முதல் வேட்டுப் பட்டும் சிறுத்தை சாகவில்லை. புகைக்குள்ளிருந்து எழுந்து, அவர் தலைக்கு மேலாகத் தாவியது. அதன் குருதி அவர்மேற் சிதறிற்று. காயம்பட்ட சிறுத்தையை அப்படியே விட்டு வீடு திரும்புதல் தகாது என்று துணிந்து, தடம் பற்றிச் சென்று கொன்று முடித்தார். ஒரே தோட்டா இடும் ரைபிள், உதவிக்கு ஒருவருமில்லை, சுடுபவனோ சிறுவன். நினைக்க மெய் நடுங்குகின்றது.

பின்னர்ப் பிழைப்பின் பொருட்டு ரெயில்வேயிற் சேர்ந்து, மோகாமே காட் என்னும் கங்கைத் துறையிற் சரக்கேற்றி இறக்கும் குத்தகையை இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். அங்கிருந்து விடுமுறையில் மலைக்கு வரும்போதுதான் ஆட்கொல்லிகளின் வேட்டை.

அவற்றுள் முதலாவது சம்பாவத் பெண்புலி. நேபாளத்திலும் குமாவோனிலுமாக நானூற்றுக்கு மேற்பட்ட மாந்தரைக் கொன்றது. 1907-ம் வருஷத்தில், ஏறக்குறைய முந்நூறு கிராமத்தாரைத் திரட்டிப் பள்ளத்தாக்கைக் கலைத்துப் புலியை வெளியேற்றினார். அன்று அவர் கையிலிருந்தது .500 அளவுள்ள ரைபிள். கொண்டுசென்ற தோட்டாக்கள் மூன்றே. மூன்றும் தீர்ந்தன, காயம்பட்ட புலி பாறைமேல் நின்று திரும்பிப் பார்த்தது. கார்பெட் ஓடிச்சென்று தாசில்தாரின் கையிலிருந்த துப்பாக்கியைப் பறித்துக்கொண்டு திரும்பினார். புலியை நெருங்கியபின் அதை உற்று நோக்கினார். குழல்களுக்கும் பின்கட்டைக்கும் இடையே முக்கால் அங்குலத்திற் பாதி இடைவெளி! தாசில்தார் சுட்டபோது வெடித்திலது. தாம் சுடும்போது வெடித்தாற் கண்கள் போகும். திரும்பிச் செல்ல நேரமில்லை. புலியின் வாய்க்குக் குறிவைத்துச் சுட்டார். குண்டு வாயிற் படாமற் பாதத்திற் பட்டது. முன்னைக் காயங்களாற் சாகுந் தறுவாயிலிருந்தமையாற் புலி விழுந்தது. அன்று மூன்று தோட்டாக்களோடு போனது அவர் செய்த பிழையென்றே யான் எண்ணுகின்றேன். வறுமையிற் கற்ற சிக்கனம் அன்று அளவு கடந்துவிட்டது.

இச்செயலைப் பாராட்டி ஐக்கிய மாகாணத்து லெப்டினெண்டு கவர்னர் ஸர் ஜான் ஹியூவெட், லண்டன் ரிக்பி கம்பெனியார் செய்த .275 ரைபிள் ஒன்றைக் கார்பெட்டுக்குப் பரிசாக வழங்கினார். அதன் வமிசத்தை ஆராய்ந்தால் அதுவும் போர்க்களத்துப் பிள்ளையே. ஜெர்மானியராகிய மௌசர் அமைத்த தாழ்ப்பாள் இயந்திரமும், 7 மில்லிமீட்டர்த் தோட்டாவுமே அதன் உயிர். ஸ்பெயின் தேசம் 1893-ல் அவ்வகை ரைபிளைத் தன் சேனைக்கு ஏற்றது. தென்னாப்பிரிக்காவில் போயர்கள் 1899 முதல் 1902 வரை ஆங்கிலேயரை எதிர்த்தது அத்தகைய ரைபிள்களைக் கொண்டே. அதே இயந்திரத்தை ரிக்பியார் வேட்டைக்கேற்ப இலகுவாகச் சமைத்தனர். இந்தியாவிலோ, சேனையின் தோட்டாக்கள் கலகக்காரர் கைக்குப் போய்விடும் என்ற அச்சத்தால், படை வழங்கும் .303, .450 போன்ற அளவுகள் பொதுமக்களுக்கு விலக்கப்பட்டிருந்தன. எதிரியின் சேனைக்குப் பிறந்த .275 அவ்விலக்கிற் படவில்லை. சட்டத்தின் போக்கு விந்தையானது.

குண்டின் நிறை 140 கிரெயின். மார்ட்டினியின் குண்டில் மூன்றிலொரு பங்கும் இல்லை. புலி வேட்டைக்கு இது போதாது என்று அக்காலத்துப் பெரிய வேட்டைக்காரர் பலர் நகைத்திருப்பர். கார்பெட்டிடமும் ஜெஃப்ரி கம்பெனியாரின் .450/400 என்னும் கனத்த இரட்டைக் குழல் ரைபிள் இருந்தது; 1938-ல் தாக் கிராமத்துப் பெண்புலியை அந்தியிற் கொன்றது அதனாலேதான். எனினும் ஓயாது மலையேறி இறங்கும் நாட்களில் அவர் கை இலகுவான ரைபிளையே நாடியது.

அத்தேர்வின் பயன் 1930-ம் வருஷம் ஏப்ரல் 11-ந் தேதி விளங்கிற்று. சௌகர் என்னும் பகுதியில் அறுபத்துநான்கு உயிர்களைக் கொண்ட பெண்புலியைத் தேடி ஓர் ஓடைவழியே இறங்கினார். வழியில் நிலத்திற் கிடந்த பக்கிப் பறவையின் முட்டைகள் இரண்டைக் கண்டு, வடிவம் அரியதாயிருந்தமையால் இடக் கையில் எடுத்துக்கொண்டார். வலக் கையில் .275 ரைபிள். பெரும் பாறையொன்றைச் சுற்றித் திரும்பி வலத்தோளின்மேல் நோக்கினால், எட்டு அடித் தொலைவிற் புலி படுத்திருந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ரைபிளோ மார்பின் குறுக்கே எதிர்ப்புறம் நோக்கியிருந்தது. சட்டென்று அசைந்தாற் புலி பாயும். முட்டைகளிருந்தமையால் இடக் கையைப் பயன்படுத்தவும் இயலாது. ஒரு கையாலேயே, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்ல மெல்ல, முக்கால் வட்டம் குழலைத் திருப்பினார். கை மரத்துப்போகத் தொடங்கியது. குழல் புலியை நேர்கொண்டவுடன் விசையை அழுத்தினார். குண்டு பாய்ந்தது; புலி தலை சாய்ந்தது.

தாம் தப்பியமைக்குக் காரணம் மூன்று என்பது அவர் கணிப்பு: இடக் கையில் முட்டைகள் இருந்தமை, ரைபிள் இலகுவாயிருந்தமை, புலி ஆட்கொல்லியாயிருந்தமை. கனத்த இரட்டைக் குழலாயிருப்பின் ஒரு கையால் அவ்வாறு சுழற்றியிருத்தல் ஆகாது. பின்பு அம்முட்டைகளை எடுத்த இடத்திலேயே வைத்தார். தாய்ப்பறவை அரை மணிக்குள் அவற்றின்மேல் அமர்ந்துவிட்டது. புலியைக் கொன்ற கதையினும் இம்முட்டைக் கதையே எனக்கு நெடுநாள் நினைவில் நிற்பது.

இதற்குள் அவர் மனம் வேட்டையினின்று மாறத் தொடங்கியிருந்தது. சாம்பியன் என்னும் வன அதிகாரி இரவிற் புலிகளைப் படமெடுத்ததைக் கண்டு, தாமும் சினிமாக் காமிராவை ஏந்தினார். 1936-ல் அமைந்த ஹெய்லி தேசியப் பூங்கா பிற்காலத்தில் அவர் பெயரையே பெற்றது. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை நம் நாட்டில் விலக்கப்பட்டது. ரைபிள் பழகும் நம் மாணவர்க்கு இனி இலக்குப் பலகையே மான், அதுவே புலி.

1947-ல் சகோதரி மாகியோடு கீனியா தேசத்து நியேரிக்குக் குடியேறி, அங்கேயே 1955-ம் வருஷம் ஏப்ரல் 19-ந் தேதி கார்பெட் துரை காலமானார். ரிக்பி ரைபிள் அவர் நூல்களை வெளியிட்ட ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தாரிடம் போய்ச் சேர்ந்து, நெடுங்காலம் அங்கே பூட்டிக் கிடந்தது. 2015-ல் அதைச் செய்த கம்பெனியாரே திரும்ப விலைக்குப் பெற்றனர். சார்ஜெண்டு மேஜரின் மார்ட்டினியோ விடுமுறை இரவலாகவே வந்தது. அதற்கு வெள்ளித் தகடும் இல்லை, அதைத் தேடி வாங்குவாரும் இல்லை.