இம்மானுவேல் கண்ட்

இம்மானுவேல் கண்ட் (ஏப்ரல் 22, 1724 - பெப்ரவரி 12, 1804) ஜெர்மன் மெய்யியலாளர் ஆவார். இவர் எழுதிய தூய பகுத்தறிவுத் திறனாய்வு (1781) மேற்கத்திய மெய்யியலில் பெரும் மாற்றத்தை ஏற்படுத்திய நூலாகும். அந்நூல் அதன் ஆழத்துக்காகப் போற்றப்படும் அளவுக்கு அதன் கடின நடைக்காகக் குறை கூறப்பட்டும் வந்துள்ளது. இளமையில் எளிமையாகவும் சுவையாகவும் எழுதிய கண்ட், தமது முதன்மை நூலின் நடை பற்றிய குறைகளுக்கு மறுமொழி கூறுவதில் பல ஆண்டுகளைச் செலவிட்டார்.

இளமையும் கல்வியும்

கண்ட், அன்றைய பிரஷ்யாவின் கோனிக்ஸ்பேர்க் நகரில் பிறந்தார். இந்நகரம் தற்போது கலினின்கிராட் என்ற பெயரில் ரஷ்யாவில் உள்ளது. இவரது தந்தை யோஹான் கியோர்க் கண்ட் குதிரைச் சேணம் செய்யும் தொழிலாளி. தாய் அன்னா ரெகினா 1737 இல் காலமானார். கண்ட் 1740 இல் கோனிக்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மெய்யியல், கணிதம், இயற்பியல் ஆகியவற்றைக் கற்றார். 1746 இல் தந்தையும் இறந்தபின் சில ஆண்டுகள் செல்வந்தர் வீடுகளில் தனி ஆசிரியராகப் பணியாற்றினார்.

விரிவுரையாளர்

1755 இல் பல்கலைக்கழகத்தில் ஊதியமற்ற விரிவுரையாளரானார். மாணவர்கள் செலுத்திய கட்டணமே இவரது முதன்மை வருவாய். இந்நிலை 15 ஆண்டுகள் நீடித்தது. அதே ஆண்டில், சூரியக் குடும்பம் பரவிக் கிடந்த பருப்பொருளிலிருந்து உருவானது என்று விளக்கும் நூலொன்றைப் பெயர் குறிப்பிடாமல் வெளியிட்டார்.

இக்காலத்தில் இவரிடம் கற்ற ஹெர்டர், கண்ட்டை நகைச்சுவையும் உயிரோட்டமும் மிக்க பேச்சாளராகப் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். அழகுணர்ச்சி பற்றிய 1764 ஆம் ஆண்டு நூலும், ஆவிகளைக் காண்பதாகக் கூறிய சுவீடன்போர்க்கை எள்ளி நகையாடும் 1766 ஆம் ஆண்டு நூலும் பொது வாசகர்களும் விரும்பிப் படிக்கக்கூடிய நடையில் அமைந்தவை.

தூய பகுத்தறிவுத் திறனாய்வு

கண்ட் 1770 இல் தருக்கவியல், மீவியற்பியல் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். அதன்பின் சுமார் பத்தாண்டுகள் அவர் மிகக் குறைவாகவே வெளியிட்டார். 1781 இல் தூய பகுத்தறிவுத் திறனாய்வு வெளிவந்தபோது அவருக்கு வயது 57. முதற்பதிப்பு 850க்கும் மேற்பட்ட பக்கங்களைக் கொண்டது.

நமது அறிவு பொருள்களுக்கு ஏற்ப அமைகிறது என்ற வழக்கமான எண்ணத்தைக் கண்ட் இந்நூலில் திருப்பினார். நாம் அறியும் பொருள்களே நமது அறியும் முறைக்கு ஏற்ப அமைகின்றன என்று வாதிட்டார். வெளியும் காலமும் நமது புலனறிவின் வடிவங்கள் என்பதும், பொருள்கள் நமக்குத் தோன்றும் விதத்தையே அறிய இயலும் என்பதும் இதன் முடிவுகளாகும்.

தெளிவு இருவகைப்படும் என்று நூலின் முன்னுரையில் அவர் குறிப்பிடுகிறார். ஒன்று கருத்துகளின் ஒழுங்கால் வரும் தெளிவு. மற்றொன்று எடுத்துக்காட்டுகளால் வரும் தெளிவு. முதலாவதற்கு முன்னுரிமை அளித்து, நூல் மேலும் பெருத்துவிடும் என்பதால் எடுத்துக்காட்டுகளைத் தவிர்த்ததாக அவர் விளக்கினார். ஆனால் 1783 இல் மோசஸ் மெண்டல்சோனுக்கு எழுதிய கடிதத்தில் வேறொரு காரணமும் காணப்படுகிறது. பன்னிரண்டு ஆண்டுகள் சிந்தித்தவற்றை நான்கைந்து மாதங்களில் விரைந்து எழுதியதாகவும், நடையில் போதிய கவனம் செலுத்தவில்லை என்றும், மேலும் தாமதித்திருந்தால் நூல் முடிவுறாமலே போயிருக்கும் என்றும் அவர் ஒப்புக்கொண்டார்.

மதிப்புரையும் மறுமொழியும்

நூலின் முதல் முக்கிய மதிப்புரை 1782 சனவரியில் கோட்டிங்கன் இதழொன்றில் பெயரின்றி வெளிவந்தது. கிரிஸ்டியான் கார்வே எழுதிய அதனைப் பெடர் என்பவர் சுருக்கித் திருத்தியிருந்தார். உலகம் மனத்தின் எண்ணங்களே என்ற பெர்க்லியின் கொள்கைக்கு நெருக்கமானதாகக் கண்ட்டின் கொள்கை அதில் காட்டப்பட்டது. இதைத் தவறான புரிதலாகக் கருதிய கண்ட் கடும் சினம் கொண்டார்.

1783 இல் வெளியிட்ட முன்னுரைகள் என்ற சிறு நூலில் அவர் வழியை மாற்றினார். பெருநூல் அறிவின் மூலங்களிலிருந்து தொடங்கிப் படிப்படியாக மேலே செல்கிறது. சிறுநூலோ, கணிதமும் இயற்கை அறிவியலும் உள்ளன என்பதை ஏற்றுக்கொண்டு, அவை எவ்வாறு இயலுகின்றன என்று வினவுகிறது. டேவிட் ஹியூமைப் போல் நுட்பமாகவும் கவர்ச்சியாகவும், மெண்டல்சோனைப் போல் ஆழமாகவும் நயமாகவும் எழுதும் ஆற்றல் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்று அதில் அவர் கூறினார். 1787 இல் வந்த இரண்டாம் பதிப்பில், மிகக் கடினம் எனப்பட்ட பகுதிகளைப் புதிதாக எழுதியதுடன், கருத்துமுதல்வாதத்துக்கு எதிரான மறுப்பையும் சேர்த்தார்.

எனினும் கண்ட்டின் கருத்துகளைப் பரவலாக்கியதில் பிறரின் பங்கு பெரிது. 1784 இல் யோஹான் ஷுல்ட்ஸ் ஒரு விளக்கநூல் எழுதினார். 1786 முதல் ரைன்ஹோல்ட் இதழொன்றில் எழுதிய கடிதங்கள், சமயத்துக்கும் ஒழுக்கத்துக்கும் இக்கொள்கையால் விளையும் பயனிலிருந்து தொடங்கியதால் வாசகர்களை எளிதில் சென்றடைந்தன.

தெளிவு பற்றிய நிலைப்பாடு

அறிவொளி என்றால் என்ன என்பது பற்றி 1784 இல் கண்ட் எழுதிய சிறு கட்டுரை, எளிய நடை அவரை விட்டு நீங்கவில்லை என்பதைக் காட்டுகிறது. 1796 இல், கடின உழைப்பின்றி உள்ளுணர்வால் உண்மையைக் கண்டதாகப் பெருமிதத் தொனியில் எழுதியோரைக் கண்டித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். மெய்யியல் நூல்கள் மக்களுக்கு விளங்கவேண்டும் என்ற கார்வேயின் கோரிக்கையை 1797 இல் பொதுவாக ஏற்றுக்கொண்டார். ஆயினும், பகுத்தறிவின் எல்லைகளை அளக்கும் ஆய்வுக்கு மட்டும் கலைச்சொல் துல்லியம் தவிர்க்க முடியாதது என்று விலக்களித்தார்.

இறுதிக்காலமும் மதிப்பீடும்

கண்ட் 1796 இல் விரிவுரைகளை நிறுத்தினார். 1799 இல், தமது கொள்கையை நிறைவு செய்வதாகக் கூறிய பிக்டேயின் முறைமையைப் பகிரங்கமாக மறுத்து, தமது நூலை அதன் சொற்களின்படியே புரிந்துகொள்ள வேண்டும் என்று அறிவித்தார். இறுதி ஆண்டுகளில் நினைவாற்றல் குன்றி, 79 ஆம் வயதில் காலமானார். இவரது கல்லறை கலினின்கிராட் பேராலயத்தின் அருகில் உள்ளது.

பின்வந்தோரில், கண்ட்டைப் பெரிதும் மதித்த சோப்பன்ஹவர், விளங்காத எழுத்துக்கும் பொருள் இருக்கலாம் என்று கண்ட்டால் பழகிய வாசகர்களைப் பிக்டே, ஷெல்லிங், ஹேகல் ஆகியோர் பயன்படுத்திக்கொண்டதாகக் குற்றம் சாட்டினார். கவிஞர் ஹைன்ரிக் ஹைன, கண்ட்டைப் பின்பற்றியோர் நன்றாக எழுதுபவர் மெய்யியலாளராக முடியாது என்று நம்பத் தொடங்கியதாகக் குறைபட்டார். கண்ட்டோ தமது நடையை ஒருபோதும் ஒரு சிறப்பாகக் கருதியதில்லை.