கைதியின் பதிலுக்குக் காவல் நின்ற தளபதி

சத்தியவேட்டிலிருந்து ஸ்ரீசிட்டிக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறவர்களுக்குக் கொரியா தெரியாத தேசமல்ல. 2025-ஆம் ஆண்டு மே மாதம் எல்.ஜி. கம்பெனி அங்கே தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டியது. கொரியர்கள் இந்தப் பக்கம் வருவதும் போவதும் இப்போது சாதாரண விஷயம். ஆனால் 1954-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அஸ்டூரியாஸ் என்ற கப்பலில் சென்னைத் துறைமுகம் வந்து சேர்ந்த கொரியர்கள் வேறு வகை. சில சீனர்களையும் சேர்த்து மொத்தம் 88 பேர். அத்தனை பேரும் யுத்தக் கைதிகள். தங்களுக்கு வட கொரியாவும் வேண்டாம், தென் கொரியாவும் வேண்டாம், செஞ்சீனாவும் வேண்டாம், பார்மோசாவும் வேண்டாம், சண்டையில் சேராத ஏதாவது ஒரு நாட்டுக்கு அனுப்பினால் போதும் என்று கேட்டவர்கள். அன்று சத்தியவேடு செங்கற்பட்டு ஜில்லாவில், சென்னை ராஜ்யத்தில் இருந்தது.

அவர்கள் அப்படிக் கேட்டார்கள் என்பதில் அதிசயமில்லை. கேட்ட பிறகும் உயிரோடு இருந்தார்கள் என்பதுதான் அதிசயம். அதற்குப் பொறுப்பாக இருந்தவர் லெப்டினன்ட் ஜெனரல் திம்மையா.

கோதண்டேர சுப்பையா திம்மையா 1906-ஆம் ஆண்டு மார்ச் மாதம் குடகு நாட்டு மடிக்கேரியில் பிறந்தார். சிறு வயதில் படிக்க அனுப்பப்பட்டது நம் நீலகிரியில், குன்னூர் செயின்ட் ஜோசப் பள்ளிக்கு. பிறகு பெங்களூர், டேராடூன், அதன்பின் இங்கிலாந்தின் சாண்டர்ஸ்ட் ராணுவக் கல்லூரி. 1926-ல் அதிகாரியானார். இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மாவின் அரக்கான் பகுதியில் ஒரு படைப்பிரிவை நடத்தினார். யுத்தகளத்தில் ஒரு பிரிகேடுக்குத் தலைமை தாங்கிய முதல் இந்தியர் அவரே. 1948 நவம்பரில் காஷ்மீரத்தின் சோஜிலா கணவாய்க்கு டாங்கிகளை ஏற்றி எதிரியைத் திகைக்க வைத்தவரும் அவர்தான். அந்தக் கதைகள் பலரும் அறிந்தவை.

அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. அவருடைய அண்ணன் பொன்னப்பா ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, பிறகு நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர். தம்பி பிரிட்டிஷ் படையில், அண்ணன் எதிர்ப்படையில். முள்வேலிக்குள் இருக்கும் ஒருவன் எந்தப் பக்கம் சேருவது என்று முடிவு செய்யும்போது அவன் மனம் என்ன பாடுபடும் என்பதைத் திம்மையா புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

கைதிகளால் நின்றுபோன சமாதானம்

கொரிய யுத்தம் 1950 ஜூனில் மூண்டது. ஓராண்டிலேயே சமரசப் பேச்சு தொடங்கியும் இரண்டு ஆண்டு இழுத்தது. பெரிய முட்டுக்கட்டை, கைதிகள். 1949-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தப்படி சண்டை முடிந்ததும் கைதிகளை ஊருக்கு அனுப்பிவிட வேண்டும். சீனாவும் வட கொரியாவும் அதைப் பிடித்துக்கொண்டன. ஐ.நா. படையின் பேரில் சண்டையிட்ட அமெரிக்காவோ, போக மறுப்பவனைப் பலவந்தமாக அனுப்ப மாட்டோம் என்றது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் போக மறுக்கிறவன் யார், போகவிடாமல் தடுக்கப்படுகிறவன் யார் என்று எப்படித் தெரிவது?

அந்த முகாம்களின் நிலைமை அப்படி. கோஜே தீவில் அடைக்கப்பட்டிருந்த கைதிகள் இரு கட்சியாகப் பிரிந்து ஒருவரையொருவர் அடித்துக் கொன்றார்கள். 1952 மே மாதம் முகாமின் அமெரிக்கத் தளபதியையே கைதிகள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். கம்யூனிஸ்டு எதிர்ப்புக் கட்சிக்காரர்கள் சக கைதிகளின் உடம்பில் கோஷங்களைப் பச்சை குத்தினார்கள். விருப்பப்பட்டுக் குத்திக்கொண்டவர்களும் உண்டு, பிடித்து வைத்துக் குத்தப்பட்டவர்களும் உண்டு. அந்த உடம்போடு ஊர் திரும்பினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மறுபக்கம் மட்டும் யோக்கியமா? வட கொரியாவில் பிடிபட்ட அமெரிக்க விமானிகளைத் தூங்கவிடாமலும் தனியறையில் போட்டும் விசாரித்து, கிருமி குண்டு வீசினோம் என்று எழுதி வாங்கினார்கள். விடுதலையானதும் அவர்கள் அதை மறுத்தார்கள்.

இரு தரப்பும் கைதியின் வாயிலிருந்து தனக்கு வேண்டிய சொல்லை வரவழைக்க முயன்ற யுத்தம் அது. கடைசியில் 1952-ல் இந்தியா ஐ.நா. சபையில் கொண்டுவந்த யோசனைதான் வழிவிட்டது. அதை முன்னின்று வாதாடியவர் கிருஷ்ண மேனன். ஐந்து நாடுகள் கொண்ட நடுநிலைக் கமிஷன் ஏற்பட்டது: இந்தியா, ஸ்வீடன், சுவிட்சர்லாந்து, போலந்து, செக்கோஸ்லோவாகியா. தலைமையும் கைதிகளைக் காக்கும் பொறுப்பும் இந்தியாவுக்கு. கமிஷன் தலைவர் திம்மையா. காவல்படைத் தளபதி மேஜர் ஜெனரல் தோரட். அரக்கானில் திம்மையாவோடு தோளோடு தோள் நின்று சண்டையிட்டவர்.

கமிஷனுக்குக் கொடுக்கப்பட்ட விதி கண்டிப்பானது. கைதியை ஊருக்கு அனுப்புவதற்காகவோ, போகாமல் தடுப்பதற்காகவோ பலாத்காரம் கூடாது. மிரட்டலும் கூடாது. அவன் உடம்பின் மேல் கை வைக்கக் கூடாது; மானத்துக்கும் இழுக்கு நேரக் கூடாது. காகிதத்தில் இவ்வளவுதான். அதை நடத்திக் காட்ட வேண்டியவர்கள் நம் ஜவான்கள்.

ஹிந்த் நகர்

1953 ஜூலை 27-ல் சண்டை நின்றது. ஏறத்தாழ ஆறாயிரம் இந்திய வீரர்கள் கொரியா சென்றார்கள். தென் கொரிய ஜனாதிபதி சிங்மன் ரீ இந்தியர் தம் மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தார். ஆகவே இஞ்சோன் துறைமுகத்தில் கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் ஏற்றி, யாருக்கும் சொந்தமில்லாத எல்லைப் பகுதியில் கொண்டு இறக்கினார்கள். அங்கே அவர்கள் அமைத்த பாசறைக்கு ஹிந்த் நகர் என்று பெயர் வைத்தார்கள். லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி.ரங்கராஜ் தலைமையில் 1950 முதலே கொரியாவில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்துவந்த 60-வது பாராசூட் மருத்துவப் படையும் அவர்களோடு சேர்ந்துகொண்டது.

ஒப்படைக்கப்பட்டவர்கள் தெற்குத் தரப்பிலிருந்து 22,604 பேர். இவர்களில் 14,704 பேர் சீனர், மற்றவர் வட கொரியர். வடக்குத் தரப்பிலிருந்து 359 பேர்; அதில் 23 அமெரிக்கர், ஒரு ஆங்கிலேயர்.

முள்வேலிக்கு வெளியே இந்தியக் காவல். உள்ளே ஆட்சி செய்தவர்கள் கைதிகளின் தலைவர்கள். ஒவ்வொரு அடைப்பிலும் ஏறக்குறைய ஐந்நூறு பேர். ஊருக்குப் போக ஆசை என்று ஒருவன் பக்கத்தில் இருப்பவனிடம் முணுமுணுத்தாலே போதும், இரவில் அவனுக்கு விசாரணை நடக்கும். அடி உதை உண்டு, கொலையும் உண்டு. ஆகவே ஊர் திரும்ப விரும்பியவர்கள் வேலியேறிக் குதித்து இந்தியக் காவலரிடம் ஓடிவந்தார்கள். வந்தவனை ஜவான்கள் மறைத்து அழைத்துப் போய்த் தனியே வைத்துக் காத்தார்கள். உள்ளே இருந்து கல்லும் வசவும் பறந்து வந்தன.

செப்டம்பர் இறுதியில் அப்படி ஒரு சம்பவத்தில் சீனக் கைதிகள் மேஜர் கிரேவால் என்ற இந்திய அதிகாரியை உள்ளே பிடித்துப் போட்டார்கள். தோரட்டே அடைப்புக்குள் நுழைந்து, அவர்களோடு பேசி, அவரை மீட்டு வந்தார். துப்பாக்கி வெடிக்கவில்லை.

எல்லா நாளும் அப்படி முடியவில்லை. அக்டோபர் 1-ஆம் தேதியும் மறுநாளும் கைதிகள் கூட்டமாக நெட்டித் தள்ளியபோது இந்தியக் காவல் சுட்டது. கைதிகள் சிலர் செத்தார்கள். அகிம்சை பேசும் தேசத்தின் படை, அதுவும் காந்தி ஜயந்தியன்று, நிராயுதபாணிகளைச் சுட்டது என்று ஏச்சு வந்தது. மறைக்கக்கூடிய காரியமல்ல, மறைக்கப்படவும் இல்லை.

அதே அக்டோபர் 1-ல்தான் இங்கே கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திர ராஜ்யம் பிறந்தது. எந்த ஊர் எந்தப் பக்கம் என்ற வழக்கு நம்மிடமும் அப்போது சூடாக இருந்தது. படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி அந்தப் பக்கமும் சத்தியவேடு இந்தப் பக்கமும் மாறின. நல்லவேளையாக இங்கே முள்வேலி இல்லை; தமிழ் பேசுகிறவன் தமிழ் பேசிக்கொண்டே இருக்க முடிந்தது.

இரண்டு வாசல் கூடாரம்

அக்டோபர் 15-ல் விளக்கக் கூட்டம் தொடங்கியது. கைதி ஒவ்வொருவனாகக் கூடாரத்துக்குள் அழைத்து வரப்படுவான். அவன் நாட்டு அதிகாரிகள் ஊருக்கு வரும்படி எடுத்துச் சொல்லலாம். ஐந்து நாட்டுப் பிரதிநிதிகளும் மொழிபெயர்ப்பாளர்களும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கூடாரத்துக்கு வெளியேறும் வாசல் இரண்டு. ஒன்று தாயகத்துக்கு, மற்றொன்று திரும்பவும் முகாமுக்கு. கைதி வாய் திறக்கக்கூட வேண்டாம். எந்த வாசலில் நடக்கிறானோ அதுவே பதில்.

சிலர் உள்ளே வந்ததும் கூச்சலிட்டார்கள், காறித் துப்பினார்கள், நாற்காலியைத் தூக்கினார்கள். ஜவான்கள் இரு பக்கமும் நின்று பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. விளக்கம் சொல்ல வந்த அதிகாரிகளும் லேசுப்பட்டவர்களல்ல. ஒரே கைதியை மணிக்கணக்கில் உட்கார வைத்து, திரும்பத் திரும்பச் சொன்னதையே சொல்லி, அலுத்துப்போய் ஆம் என்று சொல்லவைக்கப் பார்த்தார்கள். விளக்கம் என்ற பெயரில் அது விசாரணையாகிக்கொண்டிருந்தது. கைதியைக் கைதிகளிடமிருந்து காப்பது ஒரு வேலை; அவன் சொந்த அரசாங்கத்தின் நாக்கிலிருந்து காப்பது இன்னொரு வேலை. இரண்டையும் திம்மையாவின் ஆட்கள் செய்ய வேண்டியிருந்தது.

பிறகு பெரிய சோதனை வந்தது. பல அடைப்புகள் மொத்தமாகக் கூடாரத்துக்கு வரவே மறுத்தன. போலந்தும் செக்கோஸ்லோவாகியாவும் படையை உள்ளே அனுப்பித் தலைவர்களைப் பிரித்துவிட்டு மற்றவர்களை இழுத்து வரவேண்டும் என்றன. ஸ்வீடனும் சுவிட்சர்லாந்தும் பலாத்காரத்துக்குச் சம்மதிக்கவே மாட்டோம் என்றன. இரண்டுக்கு இரண்டு. தீர்ப்பு திம்மையாவிடம்.

அவரிடம் படை இருந்தது, துப்பாக்கி இருந்தது, காரணமும் இருந்தது. உள்ளே அகப்பட்டுத் தவிப்பவனை விடுவிக்க அதுவே வழி என்று வாதிடவும் இடமிருந்தது. ஆனால் ஐந்நூறு பேர் கைகோத்து நிற்கும் அடைப்புக்குள் படை புகுந்தால் நூற்றுக்கணக்கில் பிணம் விழும் என்பதும் தெரிந்திருந்தது. அப்படி இழுத்து வரப்பட்டவன் சொல்லும் பதில் யாருடைய பதில்? பலாத்காரம் இல்லை என்று திம்மையா முடிவு செய்தார்.

இந்த முடிவுக்கு விலை இருந்தது. மூன்று மாதத்தில் பத்து நாள் அளவுக்கே கூடாரத்தில் வேலை நடந்தது. பெரும்பாலோர் அந்த இரண்டு வாசலைப் பார்க்கவே இல்லை. அவர்களில் எத்தனை பேர் தலைவர்களுக்குப் பயந்து வாய் மூடியிருந்தார்களோ! வருஷக் கடைசியில் தலையெண்ணிக் கணக்கெடுத்தபோது, சீனர்கள் ஒவ்வொருவராக இந்திய வீரர்களைக் கடந்து போகும் அந்தச் சில விநாடியில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஊருக்குப் போகவேண்டும் என்று ஒதுங்கினார்கள். அதைப் பார்த்தால், உள்ளேயே இருந்துவிட்டவர்களைப் பற்றி நினைக்காமல் இருக்க முடியாது. திம்மையாவின் முடிவு சரி; ஆனால் அது எல்லோருக்கும் நீதி செய்தது என்று சொல்லிவிட முடியாது.

கெடு முடிந்ததும் 1954 ஜனவரி 20-ல் மீதமிருந்தோரை அந்தந்தத் தரப்பிடமே திருப்பினார். 21,000-க்கு மேற்பட்டோர் தெற்கே நடந்தார்கள்; சீனர்கள் பார்மோசாவுக்குக் கப்பலேறினார்கள். தெற்கு முகாமிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் 628 பேர். பீகிங்கில் அவர் அமெரிக்காவுக்கு வளைந்துவிட்டார் என்றார்கள். சியோலில் அவர் கம்யூனிஸ்டு என்றார்கள். இரு பக்கமும் ஒரே அளவில் திட்டியதே நடுநிலைக்கு ஒரு சர்டிபிகேட் போலிருந்தது. ஐசன்ஹோவர் நேருவுக்குப் பாராட்டுக் கடிதம் எழுதினார். அந்த ஆண்டே திம்மையாவுக்குப் பத்மபூஷண் கிடைத்தது.

கப்பலில் வந்த 88 பேரை டில்லியில் வைத்துப் பராமரித்தார்கள். பிறகு அவர்களில் பெரும்பாலோர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போய்க் குடியேறினார்கள். ஒரு சிலர் இந்தியாவிலேயே தங்கிவிட்டார்கள்.

திம்மையா 1957-ல் தரைப்படைத் தளபதியானார். 1959-ல் ராணுவ மந்திரியோடு மனஸ்தாபம் ஏற்பட்டு ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். நேரு சொன்னதன் பேரில் திரும்பப் பெற்றார். அந்த மந்திரி வேறு யாருமல்ல, கொரியாவில் அவருக்கு அந்த வேலையை உண்டாக்கித் தந்த கிருஷ்ண மேனன்தான். 1961-ல் ஓய்வு பெற்றார். கிரேக்கரும் துருக்கியரும் அடித்துக்கொண்ட சைப்ரஸ் தீவில் ஐ.நா. படைக்குத் தலைமை தாங்க 1964-ல் மறுபடி அழைப்பு வந்தது. அங்கே பணியில் இருக்கும்போதே 1965 டிசம்பர் 18-ல் மாரடைப்பால் காலமானார். உடலைப் பெங்களூருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். மறு ஆண்டு சைப்ரஸ் சர்க்கார் அவர் படத்தோடு தபால் தலை வெளியிட்டது. மடிக்கேரியில் அவர் வளர்ந்த வீடு 2021-ல் நினைவகமாகத் திறக்கப்பட்டது.