றோமுக்கு முன் ஓடிய இரண்டு மரதன்கள்

ஒரு நீண்ட ஓட்டப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, அதற்குப் பயிற்சியாக முழு மரதன் ஒன்றை ஓடினேன். பயிற்சிதான் என்பதை முதல் பத்துக் கிலோமீற்றரிலேயே மறந்து, முன்னால் போனவர்களைத் துரத்தினேன். முழங்கால் வீங்கி, உண்மையான போட்டிக்குப் போகவே முடியாமற்போனது. வீட்டில் கிடந்த அந்த நாட்களில்தான் அபேபே பிகிலாவின் வாழ்க்கையை ஆறுதலாக வாசித்தேன்.

வெறுங்காலுடன் ஓடி ஒலிம்பிக் தங்கம் வென்றவர் என்று பாடசாலைக் காலத்திலேயே அவரை அறிந்திருந்தேன். ஆனால், அந்த வெற்றிக்கு முன்னால் இரண்டு மரதன்கள் இருந்ததை நான் அறிந்திருக்கவில்லை.

1932 ஓகஸ்ட் 7ஆம் திகதி எதியோப்பியாவின் மலைக் கிராமம் ஒன்றில் பிறந்தவர் பிகிலா. பேரரசர் ஹைலே செலாசியின் மெய்க்காவலர் படையில் சிப்பாயாகச் சேர்ந்தார். சுவீடனைச் சேர்ந்த பயிற்சியாளர் ஒன்னி நிஸ்கானென் அவரது திறமையைக் கண்டுகொண்டார்.

1960 ஜூலையில், தலைநகர் அடிஸ் அபாபாவில் பிகிலா தனது முதலாவது மரதனை ஓடி வென்றார். ஒரு மாதம் கழித்து அதே நகரில் மீண்டும் ஓடினார். இம்முறை எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 21 நிமிடம் 23 செக்கன். 1952இல் ஹெல்சிங்கியில் எமில் சட்டோபெக் நிலைநாட்டிய ஒலிம்பிக் சாதனையைவிட இது ஒன்றரை நிமிடத்துக்கும் மேல் குறைவு. அடிஸ் அபாபாவோ கடல் மட்டத்திலிருந்து 2,300 மீற்றருக்கும் மேலே, காற்று ஐதாக உள்ள ஊர். அங்கே இப்படி ஓடியவர் கீழே என்ன செய்வார் என்று வெளியுலகம் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. றோமில் அவரை ஒரு போட்டியாளராகவே பலர் கருதவில்லை.

றோமில் வாங்கிய புதிய சப்பாத்து காலுக்குப் பொருந்தவில்லை, கொப்புளம் போட்டது. வெறுங்காலுடன் ஓடிப் பழகியவர் என்பதால் அதைக் கழற்றி வைத்துவிட்டார். போட்டிக்கு முன்பே பாதையைப் பார்த்து, இறுதி வேகத்தை எங்கே எடுப்பது என்றும் தீர்மானித்திருந்தனர். அந்த இடத்துக்கு அருகில் நின்றது அக்சும் கல்தூண். எதியோப்பியாவை ஆக்கிரமித்த முசோலினியின் ஆட்சி 1937இல் கொள்ளையிட்டு வந்த தூண் அது.

செப்டெம்பர் 10ஆம் திகதி இருள் சூழ்ந்த பின், தீப்பந்தங்களின் வெளிச்சத்தில் மொரோக்கோவின் ராடி பென் அப்தெசெலாமும் பிகிலாவும் அருகருகே ஓடிவந்தனர். தூண் தெரிந்ததும் பிகிலா வேகமெடுத்தார். கொன்ஸ்டன்டைன் வளைவை 2 மணி 15 நிமிடம் 16.2 செக்கனில் கடந்தார். எதியோப்பியாவுக்கு அதுவே முதலாவது ஒலிம்பிக் தங்கம்.

1963இல் பொஸ்டனில் ஐந்தாமிடம்தான் கிடைத்தது. அடுத்த ஆண்டு, டோக்கியோ ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே இருக்கையில் குடல்வால் அழற்சிக்குச் சத்திரசிகிச்சை. ஆனாலும் அங்கு ஓடி, இரண்டாவதாக வந்தவரை நான்கு நிமிடத்துக்கும் மேல் பின்தள்ளினார். ஒலிம்பிக் மரதனை இருமுறை வென்ற முதல் மனிதர் அவரே.

1968இல் மெக்சிக்கோவுக்குக் காலில் காயத்துடன் போனார். சுமார் 17 கிலோமீற்றரில் விலகினார். தங்கத்தை அவரது நாட்டவரான மாமோ வோல்டே வென்றார். என் முழங்காலைப் பார்த்துக்கொண்டு இந்தப் பகுதியை இருமுறை வாசித்தேன். உலகமே பார்த்துக்கொண்டிருக்க பிகிலா ஓட்டத்தை நிறுத்தினார். யாருமே பார்க்காத ஒரு பயிற்சி ஓட்டத்தில் எனக்கு அது முடியவில்லை.

மறு ஆண்டு மார்ச்சில் அவரது கார் விபத்துக்குள்ளானது. கால்கள் செயலிழந்தன. இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் மாதக்கணக்கில் சிகிச்சை பெற்றார். நடக்க முடியவில்லை. ஆனால், சக்கர நாற்காலியில் இருந்தபடி வில்வித்தையிலும் மேசைப்பந்திலும் போட்டியிட்டார். நோர்வேயில் பனிச்சறுக்கு வண்டிப் போட்டியொன்றில் வெற்றியும் பெற்றார். 1973 ஒக்டோபர் 25ஆம் திகதி, 41 வயதில், மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவால் காலமானார்.

அக்சும் தூண் 2005இல்தான் எதியோப்பியாவுக்குத் திரும்பியது. அதைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

முழங்கால் இப்போது பரவாயில்லை. மீண்டும் ஒரு பயிற்சி மரதன் ஓடப்போகிறேன். முன்னால் போகிறவர்கள் போகட்டும்.